சனிக்கிழமை ஒழுக்கு

எங்கள் வாப்பாவுக்குக் கராஜ்காரர்களைக் கண்டாலே ஆகாது. ஒரு ஓட்டையை அடைக்கக் கொடுத்தால் மூன்று ஓட்டை போட்டுத் தருவார்கள் என்பது அவர் கட்சி. ஆகவே எங்கள் பிக்கப்புக்கு வரும் நோய்கள் எல்லாவற்றுக்கும் அவரே பரிகாரி. பெற்றோல் தாங்கியில் கீறல் விழுந்தால் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்புவார். முன்கண்ணாடி ஓரமாக மழைத்தண்ணீர் இறங்கினால் தாரை உருக்கி, பழைய சாக்குநூலை அதில் தோய்த்து, ஆணியால் இடுக்கிலே திணிப்பார். ரேடியேட்டர் ஒழுகினால் இருக்கவே இருக்கிறது மிளகுத்தூள். ஒரு பிடி மிளகுத்தூளையும் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவையும் சூடாக இருக்கும் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டால், அது உள்ளே வெந்து, ஓட்டையைத் தேடிப் போய் அடைத்துக்கொள்ளும். மாத்தளையில் மிளகுக்கு என்ன பஞ்சம். மிஞ்சிய மஞ்சள்கருவை உம்மா எங்களுக்குப் பொரித்துத் தருவார். அதனால் ரேடியேட்டர் ஒழுகுகிறது என்றால் பிள்ளைகளாகிய எங்களுக்கு உள்ளூரச் சந்தோஷந்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஒரு ஃபேன் பெல்ட் வாங்கவும் யாரையாவது பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடிக்க வேண்டும். ஊரில் ஓடிய வாகனங்கள் எல்லாமே கயிற்றாலும் கம்பியாலும் அல்லாஹ்வின் காவலாலும் ஓடியவைதான். அந்தக் கூட்டத்தில் எங்கள் பிக்கப் மோசமில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பலாபத்வலவில், பெரிய ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. வாப்பா மிளகும், காட்டை எரித்துப் பயிரிடும் சேனைகளில் விளையும் தானியமும் வாங்கி விற்பவர். சனிக்கிழமை தவறாமல் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு லக்கல பக்கம் போவார். குரக்கனும் எள்ளும் காய்ந்த மிளகாயுமாகத் திரும்பி வருவார். மூட்டை தூக்க, டயர் கழற்ற, வழியில் தண்ணீர் ஊற்ற என்று கூடவே ஒரு கிளீனர் போவார். யட்டவத்தவுக்கு மேலேயிருந்த ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வருகிறவர். நாங்கள் அவரைக் கிளீனர் அண்ணன் என்போம். வண்டியில் இடப்பக்க ஜன்னல் ஓரம் அவருடைய இடம். அந்தப் பக்கத்துக் கதவின் பூட்டு எப்போதோ போய், வாப்பாவின் வைத்தியத்தில் கயிறாக மாறியிருந்தது. அந்த முடிச்சை அவிழ்க்கத் தன்னால் மட்டுந்தான் முடியும் என்று கிளீனர் அண்ணன் பெருமையடித்துக்கொள்வார்.

மழைக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, பின்னேரம் அசர் தொழுகை நேரத்துக்கு வாப்பா தனியே திரும்பி வந்தார். வண்டியின் மூக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வாப்பா இறங்கி, நேரே முற்றத்துப் பீலியடிக்குப் போய் இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடித்தார். நான் அவர் குடித்து முடிப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் நிறுத்தவே இல்லை.

அவர் சொன்ன கதை இதுதான். லக்கலவுக்கு ஏறும் காட்டுப்பாதையில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. கிளீனர் அண்ணன் எண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு ஓடையில் தண்ணீர் மொள்ளப் போனார். போனவர் வரவில்லை. காட்டில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டாலும் பதில் தரக் கூடாது என்பது அந்தப் பக்கம் போய்வருகிற எல்லாரும் காக்கும் கட்டுப்பாடு. கூப்பிடுவது மனிதன்தான் என்று எப்படித் தெரியும்? அதனால் அவர்கள் இருவருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. வாப்பா ஹோன் அடித்தால், கிளீனர் அண்ணன் தகரத்தைத் தட்டிப் பதில் சொல்ல வேண்டும். வாப்பா ஹோன் அடித்தாராம், பல தடவை அடித்தாராம். தகரம் கேட்கவில்லையாம். எஞ்சின் ஆறியதும் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு, இறக்கத்தில் உருட்டி, பாலம் தாண்டி வந்து ஊர்க்காரர்களிடம் சொன்னாராம்.

ஊர்க்காரர்கள் இரண்டு நாள் தேடினார்கள். யானை நடந்த தடம் இருந்தது என்றார்கள். ஆள் இல்லை, செருப்பு இல்லை, அந்தத் தகரங்கூட இல்லை. வாப்பா தேடப் போகவில்லை, அவருக்குக் காய்ச்சல்.

அடுத்த சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளீனர் அண்ணனின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரை நாங்கள் அக்கா என்போம். கையில் ஒரு துணி மூட்டை. அதற்குள் கிளீனர் அண்ணனின் சாரம், ஒரு சட்டை, பொட்டலம் கட்டிய ரொட்டி. மூன்று மாதத் தேடலுக்குப் புறப்பட்டவர் போலவும் இல்லை, அழுகிறவர் போலவும் இல்லை. மத்தியானத்துக்குள் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பது போல நின்றார். லயத்துச் சனங்கள் பொட்டை அழித்துவிட்டுக் காரியத்தைச் செய்யச் சொல்லி நெருக்குகிறார்களாம். வண்டி நின்ற இடம் வாப்பாவுக்குத்தானே தெரியும், தன்னை அங்கே ஒரே ஒரு முறை கூட்டிப்போனால் போதும், அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் கேட்கிறேன் என்று உம்மாவிடம் சொன்னார்.

"ஊரு ஆளுங்க அவரு பேரச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாங்க. காட்டுல பேரச் சொன்னா அவரு வாயத் தொறக்க மாட்டாரு. நான் கூப்பிடுற மாதிரி நான் போயி கூப்பிடுறேன்."

அவர் தன் புருஷனின் பெயரைச் சொல்கிறவரில்லை. "என்னாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

வாப்பா உடனே சம்மதித்தார். இன்றைக்கே போகலாம் தங்கச்சி என்றார். வண்டியை எடுக்கப் போனால், அடியில் தண்ணீர் குளமாக நின்றது. ரேடியேட்டர் ஒழுகியிருந்தது.

அன்று மிளகும் முட்டையும் போயின. ஒழுக்கு நின்றபோது வெயில் சாய்ந்துவிட்டது, இனிப் புறப்பட்டால் யானை வரும் நேரம். அக்கா மூட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மறு சனிக்கிழமை வந்தார். இம்முறை மேல் குழாயில் ஒழுக்கு. வாப்பா சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இறுக்கிச் சுற்றி, கம்பி போட்டு முறுக்கினார். அதற்கடுத்த வாரம் ரேடியேட்டரின் நடுவில் ஒரு மெல்லிய குழாய். ஒழுகும் அந்த ஒன்றை மட்டும் குறட்டால் நசுக்கிவிட்டால் மற்றவை வேலை செய்யும் என்று வாப்பா கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார். அவர் வேலையில் பொய்யில்லை. வியர்வை சொட்டச் சொட்ட, முழங்கை மட்டும் கிரீஸ் அப்பி, சாப்பாட்டையும் மறந்து செய்தார். அந்தியில் எப்போதும் வண்டி சரியாகிவிடும். அந்தியில் எப்போதும் நேரம் போய்விட்டிருக்கும்.

விசித்திரம் இதுதான். திங்கட்கிழமை மாத்தளைக்கும் புதன்கிழமை யட்டவத்தச் சந்தைக்கும் அதே வண்டி போய்வந்தது, ஒரு துளி சிந்தியதில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அடியில் நிலம் காய்ந்து கிடக்கும். சனிக்கிழமை அக்கா பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஈரம் ரோடு வரைக்கும் ஓடி வந்திருக்கும்.

ஊர் சும்மா இருக்குமா? வண்டிக்குப் பயம் பிடித்திருக்கிறது என்றார்கள் சிலர். காட்டிலே தாகத்தோடு இருக்கிறவர் தண்ணீரை எடுத்துக்கொள்கிறார் என்றார்கள் சிலர். இரண்டாவது பேச்சைக் கேட்ட நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் கால் நனைய நடக்க மாட்டேன். உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, இது ஜின்னின் வேலைதான் என்று தீர்மானமாகச் சொல்லி, ஓதிப் பார்க்கும் பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டிவந்தார். லெப்பை ஒரு செம்புத் தண்ணீரில் நெடுநேரம் ஓதி ஊதிக் கொடுத்தார். அதை ரேடியேட்டரில் ஊற்றி மூடினார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த வாப்பா மாமாவின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை ஓதிய தண்ணீரும் ஒழுகிப் போயிற்று. லெப்பை அதற்குப் பிறகு எங்கள் வீட்டைத் தாண்டும்போது எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

வாப்பா வேலை செய்யும் நேரமெல்லாம் அக்கா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்து இருங்க என்று உம்மா எத்தனை தடவை கூப்பிட்டும் வரமாட்டார். ஓட்டுபவர் இருக்கைக்கும் ஜன்னலுக்கும் நடுவில், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, குறுகி உட்காருவார். ஜன்னல் ஓரம் காலியாகவே கிடக்கும்.

"தள்ளி ஒக்காருங்க அக்கா, எடம் இருக்குதானே" என்றேன் ஒருநாள்.

"அது அவரு எடம்" என்றார்.

அன்று மலையிலிருந்து தூறல் இறங்கியிருந்தது. நான் பால் விடாத பிளேன்ரீயைக் கொண்டுபோனபோது அவர் கண்ணை மூடி, மெல்லிய குரலில், "என்னாங்க... என்னாங்க..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார், காது கொடுப்பார், மறுபடி சொல்வார். காட்டில் போய்க் கூப்பிடுவதற்குக் குரலைப் பழக்குகிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், அவருக்கு முன்னாலிருந்த கண்ணாடி தெளிவாக இருந்தது, காலி இடத்து ஜன்னல் கண்ணாடியில் மட்டும் உட்புறமாக ஆவி படிந்திருந்தது, யாரோ அதற்கு முகத்தை வைத்துக்கொண்டு மூச்சு விட்டது போல. அந்தப் பக்கம் தூறல் பட்டுக் குளிர்ந்திருக்கலாம். இன்று எத்தனை காரணம் வேண்டுமானாலும் சொல்வேன். அன்று ரீயை அப்படியே படியில் வைத்துவிட்டு ஓடினேன்.

ஆனால் பயத்தோடு எனக்கு ஒரு பிடிவாதமும் இருந்தது. எட்டு வயது. ஜின்னை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஏழாவது சனிக்கிழமை, சுபஹு தொழுகைக்கு எழுந்த உம்மா அடுப்படிக்குப் போனதும், நான் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. பனிமூட்டம் வண்டியின் சக்கரம் வரை இறங்கியிருந்தது. ரேடியேட்டருக்கு நேர் கீழே சிரட்டையை வைத்தேன். முதல் துளி விழும் சத்தம் கேட்டால் ஜின் வந்துவிட்டது என்று அர்த்தம். பின்னால் ஏறி, மூட்டைகளை மூடும் படங்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். மிளகு வாசனையும் கருவாட்டு வாசனையும் மூக்கைத் துளைத்தன. தும்மல் வராமலிருக்க யா அல்லாஹ் யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் காலடி கேட்டது. செருப்பில்லாத காலடி. அது வண்டியைச் சுற்றி வந்தது, நின்றது, மறுபடி சுற்றி வந்தது. பொனட் திறக்கும் சத்தம். பிறகு ஒருவர் அழுவது போல மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். நான் படங்கின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டேன். பிறகு, கீழே, சிரட்டையில், டொக் என்று ஒரு துளி விழுந்தது.

பக்கவாட்டில் எட்டி, படங்கின் ஓட்டை வழியாக ஒரு கண்ணால் பார்த்தேன். வாப்பா.

எனக்கு வந்த ஆறுதலைச் சொல்லி முடியாது. வாப்பாவின் கையில் சாக்குத் தைக்கும் நீள ஊசி இருந்தது. அதைத் தண்ணீர்க் குழாயிலிருந்து இழுத்து எடுத்து, சாரத்தில் துடைத்தார். போன மாதம் என் காலில் வந்த கட்டியை உம்மா ஊசியால் குத்திக் கெட்ட நீரை எடுத்தது ஞாபகம் வந்தது. அக்கா வருமுன்னரே எழுந்து வைத்தியம் செய்கிறாரே, பாவம் வாப்பா என்று நினைத்தேன்.

உம்மா பின்னாலேயே வந்தார். இருவரும் குசுகுசுத்துப் பேசினார்கள், ஆனால் பனிக்காலையில் குசுகுசுப்பும் தெளிவாகக் கேட்கும்.

"அந்தப் புள்ளைட மொகத்த இனி எனக்குப் பாக்க ஏலாது" என்றார் உம்மா. "ஒண்ணு கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி சொல்லிடுங்க."

"ரெண்டும் ஏலாது."

 வாப்பா பொனட்டை மூடி, அதில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினார். அவர் குரல் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

"நான் ஹோன் அடிச்சேன். தகரம் கேட்டிச்சு. கிட்டத்தான் கேட்டிச்சு. ஆனையும் பிளிறிச்சு. எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல, வண்டிய உருட்டிட்டேன். பாலம் தாண்டுற மட்டும் அவன் தட்டிக்கிட்டேதான் இருந்தான்."

நான் படங்குக்குள் எழுந்து உட்காரப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம். தகரம் கேட்டிருக்கிறது. அப்படியென்றால் கிளீனர் அண்ணன் நன்றாக இருக்கிறார். ஏற்பாட்டின்படி பதிலும் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை இல்லை, பாலம் வரைக்கும் சொல்லியிருக்கிறார். இந்தப் பெரியவர்கள் இத்தனை நல்ல செய்தியை வைத்துக்கொண்டு ஏன் அழுகிறார்கள், அக்காவிடம் ஏன் சொல்லாமல் இருக்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. பெரியவர்களுக்கு எதையும் நேரத்துக்குச் சொல்லத் தெரியாது என்பதை நான் ஏற்கெனவே கவனித்திருந்தேன்.

அக்கா வழக்கம்போல முதல் பஸ்ஸில் வந்தார். நிலத்தில் ஓடிய ஈரத்தைப் பார்த்தார். வண்டிக்குள் ஏறி நடுவில் உட்கார்ந்தார். வாப்பா ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து சக்கரத்தடியில் வைத்துவிட்டு, டியூப் நாடாவை வெட்டத் தொடங்கினார். உம்மா என் கையில் ரீயைக் கொடுத்தார். நான் படியில் ஏறி, இந்தமுறை ஜன்னலைப் பார்க்காமல், அவர் காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, கவலப்படாதீங்க. அண்ணன் தகரம் தட்டினாராம். வாப்பாவுக்குக் கேட்டிச்சாம்."

அவர் ரீயை வாங்கவில்லை.

"யாரு புள்ள சொன்னா?"

"வாப்பாதான். உம்மாக்கிட்ட சொன்னாரு. பாலம் தாண்டுற மட்டும் தட்டிக்கிட்டே இருந்தாராம்."

"பாலம் தாண்டுற வரைக்குமா?"

நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு முன்கண்ணாடி வழியாக, தூக்கி நிறுத்திய பொனட்டைப் பார்த்தார். அதற்குப் பின்னால் வாப்பாவின் முழங்கை மட்டும் தெரிந்தது, போய்ப் போய் வந்தது. அவர் நடுவிலிருந்து மெல்ல நகர்ந்து ஜன்னல் ஓரம் போய், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். கதவுக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார், அது அவருக்கு உடனே அவிழ்ந்தது. அந்தப் பக்கமாகவே இறங்கி முன்னால் போனார்.

"மொதலாளி, வண்டிய இனி ரிப்பேரு பண்ண வேணாங்க."

வாப்பாவின் முழங்கை நின்றுவிட்டது. அவர் நிமிரவில்லை, எஞ்சினுக்குள் குனிந்தபடியே இருந்தார்.  அக்கா சக்கரத்தடியில் இருந்த வாளியில் கையை விட்டு, ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரை அள்ளி நெற்றியில் அடித்துக் கழுவினார். ஒரு தடவை, இரண்டு தடவை. முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. மூட்டையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய், பஸ்ஸுக்கு நிற்காமல், யட்டவத்தப் பக்கமாக நடந்தார். அவருக்கு வேர்த்திருக்கும், அதுதான் முகம் கழுவினார் என்று நினைத்தேன். அக்கா பொட்டு வைக்க மறந்துட்டுப் போறாங்க என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா என் வாயைப் பொத்தி அடுப்படிக்கு இழுத்துப் போனார், அதுவும் அழுதுகொண்டு.

அக்கா பிறகு வரவேயில்லை. வண்டியும் பிறகு ஒரு சனிக்கிழமைகூட ஒழுகவில்லை. வாப்பா லக்கல வியாபாரத்தையே விட்டுவிட்டார், அடுத்த வருஷம் பிக்கப்பையும் விற்றார், தன் கையால் ஓர் ஆணியைக்கூட அடித்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. எனக்கோ ஒரே மனக்குறை. லெப்பையால் முடியாததை நான் ஒரு வார்த்தையில் செய்திருக்கிறேன், நல்ல செய்தி சொல்லி அக்காவைச் சமாதானமாக அனுப்பிவைத்து, வீட்டைவிட்டு ஜின்னை விரட்டியிருக்கிறேன். வீட்டில் ஒருவராவது என்னை மெச்ச வேண்டாமா? ஒருவரும் மெச்சாததால் பள்ளிக்கூடத்தில் நானே எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.